சாமி பேர் போட்ட பனியன்

'பைசன்' படம் வந்த 2025 அக்டோபரிலிருந்து எங்கள் ஆராய்ச்சி மாணவர் விடுதியில் கபடிப் பேச்சு ஓயவில்லை. ஆளாளுக்கு ஓர் ஊர் அணி, அந்த அணி கெடா ஜெயித்து வந்த ஒரு கதை. "உங்க ஊரு டீம் பேரு என்ன தோழர்?" என்று ஒரு தம்பி கேட்டார். சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் உறுத்தியது. அது எங்கள் ஊர் அணிதான். ஆனால் எங்கள் தெரு அந்த 'ஊரு'க்குள் இல்லை.

பரளச்சிப் பக்கம் ஒரு சிற்றூர் என்னுடையது. திருச்சுழி வட்டம், வானம் பார்த்த பூமி. மிளகாய், மல்லி, பருத்தி. மழை பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். மிளகாய்ப்பழம் களத்தில் காய்ந்து முடிந்து, பங்குனிப் பொங்கல் நெருங்கும்போது எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டிகள் தொடங்கும். "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்று மஞ்சள் நோட்டீஸ் பஸ்ஸில் ஒட்டி வரும். அன்றைக்கே எனக்குத் தூக்கம் போய்விடும். 2002 முதல் 2008 வரை அந்த அணி ஆடிய ஆட்டங்களில் நான் தவறவிட்டது மிகக் குறைவு. அப்போது எனக்கு ஒன்பதிலிருந்து பதினைந்து வயது.

கரிசல் தரையில் விழுந்தால் தோல் உரியும் என்று செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். நாலு கம்பம் நட்டு டியூப்லைட், பூச்சி மொய்க்கும். ஆட்டம் தொடங்க இரவு பத்தாகும், இறுதி ஆட்டம் முடியும்போது விடிந்துவிடும். டிராக்டர் டிரெய்லரில் அணி முன்னால் போகும், நாங்கள் சைக்கிளில் பின்னால். மைக்கில் "அடுத்ததாகப் பாடி வருவது..." என்று இழுப்பார்கள். எங்கள் அணிக்கு ஊர்ச்சாமியின் பெயர். பனியனில் நெஞ்சுக்கு மேல் சாமி பேர், முதுகில் எண். என் அக்காக்கள் யாரும் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ராத்திரி ஆட்டத்துக்குப் பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? நான் சொல்லும் இந்த இனிமையில் பாதி, ஆணாய்ப் பிறந்ததால் கிடைத்தது.

அந்த அணியில் ஏழாம் எண் பனியன் என் மாமாவுடையது. அம்மா வழியில் மாமா முறை. எங்கள் தெருவிலிருந்து அந்த அணியில் ஆடிய ஒரே ஆள். கரிமூட்டம் போடுகிறவர், கை இரும்பு மாதிரி இருக்கும். பாடிப் போனால் இடது மூலையில் நிற்பவனின் கணுக்காலைத் தொட்டுவிட்டு, நாலு பேர் மேலே விழுந்தாலும் நடுக்கோட்டுக்குக் கை நீட்டி வந்துவிடுவார். அவர் இல்லாமல் ஊர் அணி அரையிறுதி தாண்டியதில்லை. அது ஊருக்கும் தெரியும். அதனால்தான் போட்டிக்கு முதல்நாள் காலனி முனை வரைக்கும் வந்து சைக்கிள் மணி அடிப்பார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்த பையன் ஒருவன் முப்பது வயது மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

எனக்கும் அந்த அணியில் ஒரு வேலை இருந்தது. மாமாவின் தூக்குவாளியைச் சுமப்பது. ஆட்டத்துக்கு ஏன் தூக்குவாளி என்று நான் கேட்டதில்லை. ஜெயித்த கெடாவை மறுநாள் கோயில் திடலில் அறுத்துச் சமைப்பார்கள். அணி உட்கார்ந்து சாப்பிடும். திடலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான் வாளியோடு நிற்பேன், மாமா என் பக்கத்தில் நிற்பார். கறியும் குழம்பும் உயரத்திலிருந்து ஊற்றப்படும். முந்தின இரவு மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்திய அதே அண்ணன்தான் பெரும்பாலும் ஊற்றுவார். நெஞ்சில் சாமி பேரைப் போட்டுக்கொண்டு ஆடியவர் அந்தச் சாமியின் படியேறியதில்லை. நானோ, சூடான வாளியைத் துண்டில் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கப் பார்க்கும்படி நடந்து வருவேன். அவ்வளவு பெருமை. எனக்கு நினைவுகளிலேயே இனிப்பானது அந்த நடைதான் என்பதை எந்த ஆய்வு முறையியலில் வைத்து எழுதுவது என்று தெரியவில்லை.

கபடி தொட்டு ஆடும் ஆட்டம், அதில் தீண்டாமைக்கு இடமில்லை என்று முற்போக்குத் தோழர்களே எழுதுகிறார்கள். இந்த வாதத்தை நான் நம்பவில்லை. தொடுவது ஆட்டத்தின் தேவையாக இருக்கும்வரை தொடுவார்கள். பூனாவில் ஐரோப்பியருக்குப் பந்து வீசிப் பழகிய பல்வங்கர் பாலுவைப் பற்றி வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். களத்தில் அவர் தொட்ட பந்தை இந்து அணியின் மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்து அணியின் தலைமை கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை, 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கும் பூனாவுக்கும் நூறு வருட இடைவெளி. மண்குவளை தூக்குவாளி ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

பாலு 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். முதன்முதலில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது மாமாவை நினைத்துக்கொள்கிறேன். "உங்களை வெளியதான மாமா நிறுத்துனாங்க?" என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். "என்னைய நல்லாத்தான்டா மாப்ள வச்சிருந்தாங்க. மைக்ல என் பேரச் சொன்னாங்கள்ல" என்றார். வெளியே நிறுத்தியதை அவர் மறுக்கவில்லை. ஆனால் தன் வாழ்க்கையில் யாரோ தன் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னது அந்த ராத்திரிகளில் மட்டும்தான் என்கிறார். இதைப் பொய்யுணர்வு என்று ஒரு சொல்லில் முடிக்க என்னால் முடியாது. முடிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் வருகிறது.

மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார், அடுத்த ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார். கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் தங்கம் வென்றபோது, முகவரியாகச் சொல்லத் தயங்க வைக்கப்பட்ட ஒரு பெயர் நாடு முழுக்க ஒலித்தது. கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் வென்றவர்களின் கதை வழியாகவே நாம் விளையாட்டைப் பேசினால், உள்ளூரிலேயே ஆடி உள்ளூரிலேயே முடிந்துபோன மாமாவைப் போன்றவர்கள் கணக்கில் வருவதில்லை. அவர்கள்தானே பெரும்பான்மை.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காலனி முனையில் சைக்கிள் மணி கேட்கவில்லை. அணியும் அதிக நாள் தாங்கவில்லை. இன்றைக்குத் தெருவுக்கொரு அணி, ஃபிளெக்ஸில் தெருவுக்கொரு தலைவர் படம். எங்கள் தெருப் பையன்களும் தனியாக ஆடுகிறார்கள், அண்ணல் படத்தோடு. அவர்களுக்கு ஆட இடம் வறண்ட கண்மாய்தான். கோயில் திடல் ஊருக்கு. மழை பெய்தால் எங்கள் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும்.

2024இல் அரசு கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் விளையாட்டு உபகரணங்களைக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். இதைப் படிக்கும் தோழர்கள் பொங்கலுக்கு ஊர் போனால் ஒன்று செய்யுங்கள்: அந்தப் பை உங்கள் ஊரில் யார் வீட்டில் இருக்கிறது, எந்தத் தெருப் பையன் போய்க் கேட்டால் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். ஊராட்சி விளையாட்டு மைதானம் எந்தப் புறம்போக்கில், எந்தத் தெருவைத் தாண்டிப் போகும் இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். அணி எல்லோருக்கும் பொதுவாக வேண்டுமென்றால் முதலில் மண் பொதுவாக இருக்க வேண்டும். சாமி திடலில் ஆடிய அணியில் எங்கள் இடம் அழைப்பின் பேரில் கிடைத்த இடம். அழைப்பு நின்றதும் அது போய்விட்டது.

ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கும் புறம்போக்கை ஊராட்சி மைதானமாக்க வேண்டும், உபகரணப் பை ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும், யார் வாங்கிப் போனாலும் நோட்டில் எழுத வேண்டும். இதுவரை எங்கள் தெருவில் இருபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊர்த்தெருவிலிருந்து ஒருவர், அன்றைக்கு வாளியில் கறி ஊற்றிய அண்ணன். ஏன் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாமா மட்டும் இன்னும் போடவில்லை. "பழகுன ஆளுகடா" என்கிறார். பனியனை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். சாமி பேர் பாதி அழிந்திருக்கிறது, ஏழு அப்படியே இருக்கிறது.