இடந்தலையை மறவாதீர்

பாடுவோர் குரலும் மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களும் தெளிவாய்க் கேட்க, இடந்தலையின் கும்கி மட்டும் எங்கோ ஒளிந்துகொண்ட ஒலிப்பதிவுகள் இந்நாளில் மலிந்துள்ளன. நம் மாணவ நண்பர்கள் விடுதி அறைகளிற் பதிவுசெய்யும் பாட்டுகளிலும் இக்குறை உண்டு. குறை கண்டவுடன் கணினியிலே தாழ்ந்த ஒலியைக் கூட்டிவிட்டாற் போதுமென்று அவர்கள் கருதுகின்றனர். நோய் ஓரிடத்திருக்க மருந்தை வேறிடத்திற் பூசுவது போன்றது அது. தாழ்ந்த ஒலி தோலிலே பிறப்பது. இயந்திரத்திற் பிறப்பதன்று என்பதே எமது கருத்து.

முற்காலத்தார்க்கு இவ்விஷயத்தில் ஒரு நியாயம் இருந்தது. 1925-ஆம் ஆண்டில் மின்வழிப் பதிவு வருமுன், கலைஞர் பெருங்குழலொன்றின் முன்னமர்ந்து பாடவும் வாசிக்கவும் வேண்டும். ஆழ்ந்த ஒலிகள் மெழுகிற் பதியாமலே ஒழிந்தன. ஒலிவாங்கியும் கணினியும் கைவசமுள்ள நமக்கு அந்நியாயம் இல்லையன்றோ?

முதலிற் கருவியைக் கவனித்தல் வேண்டும். இடந்தலையின் நடுவே ரவையை நீரிற் பிசைந்து அப்புவர். அதன் பாரத்தால் தோல் மெல்ல அதிர்ந்து தாழ்ந்த சுருதி தருகின்றது. மின்விசிறியின் கீழ்ப் பசை உலருமாயின் பாரம் குறையும், சுருதி ஏறும். ஆதலின் ஒவ்வொரு பாட்டிற்கு முன்னும் பசையைத் தொட்டுப் பார்த்து ஈரமாக்குதல் நன்று.

அடுத்தது ஒலிவாங்கி. வலப்புறத்தில் ஒன்றை மட்டும் நிறுத்துவோர் பாதி மிருதங்கத்தையே பதிகின்றனர். இடந்தலைக்கு ஒன்றிரண்டு சாண் தூரத்திற் சற்றுச் சாய்வாக மற்றொன்றை வைத்தல் வேண்டும். ஒரு திசையொலியை மட்டும் ஏற்கும் ஒலிவாங்கியாயின், அருகே கொணருந்தோறும் தாழ்ந்த ஒலி பெருகும், அளவறிந்து நிறுத்துக. இரு பதிவுகளையும் சேர்க்குங்கால் ஒன்றன் அலை எழும்போது மற்றதன் அலை விழுமாயின், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றைத் தலைகீழாக்கிக் கேட்டு, எம்முறையில் ஒலி நிறைந்துள்ளதோ அதனையே கொள்ளுக.

இடமும் முக்கியம். வினாடிக்கு 85 முறை அதிரும் ஒலியின் அலை ஏறக்குறைய 4 மீட்டர் நீளமுடையது. சிற்றறையிலே அது சுவர்களில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் பெருகியும் மற்றோரிடத்தில் தேய்ந்தும் நிற்கும். ஆகவே கருவியை இடம் மாற்றி மாற்றிக் கேட்டல் வேண்டும். பீர்க்கன்கரணையில் வாழ்வோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. பெருவழியிற் செல்லும் லாரிகளின் உறுமலும் தாழ்ந்த ஒலியே. அதனை வடிகட்டப் புகுவோர் கும்கியையும் உடன் வடித்துவிடுகின்றனர். போக்குவரத்து அடங்கிய பின்னிரவிற் பதிதலே தக்க வழி. பதிந்ததைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிற் கேட்டு முடிவு செய்யற்க. அது ஆழ்ந்த ஒலியைக் காட்டாது.

“இயந்திரம் யாவற்றையும் திருத்துமே” என்பார்க்கு எமது விடை இது: இயந்திரம் உள்ளதைப் பெருக்கும், இல்லாததைப் படைக்காது. கும்கி இல்லாத பதிவிலே பெருகுவது லாரியின் உறுமலேயாம்.

1920-ஆம் ஆண்டில் சர் சி. வி. ராமன், வலந்தலையிலிட்ட கருஞ்சாந்தாகிய கரணையால் மேற்சுருதிகள் இசைந்து ஒலித்தலை உலகிற்கு அறிவித்தார். அந்தக் கரணையை இட்டோரும், இரு தலைக்கும் தோல் பதம் செய்தோரும் நெடுங்காலம் பெயரின்றியே இருந்தனர். தஞ்சைச் செபாஸ்டியன் குடும்பத்தாராகிய தலித் கிறிஸ்தவ வினைஞர் முதலானோரின் உழைப்பை டி. எம். கிருஷ்ணா 2020-ஆம் ஆண்டிலே ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்னும் நூலில் எழுதினார். நல்ல ஒலி வேண்டுவோர் கணினிக்கு முன் இத்தகைய வினைஞரிடம் செல்லுதல் வேண்டும். எத்தோல் எவ்வாறு பேசும் என்பதை அவர்தம் விரல்கள் அறியும். பதிவின் முடிவிற் பாடகர் பெயரும் வாசித்தவர் பெயரும் சொல்லும் நம் மாணவர், கருவி செய்தவர் பெயரையும் சொல்லப் பழகுவாராக. இடந்தலையை மறவாதிருத்தல் என்பதில் அதுவும் அடங்கும்.