பூனையை எடுத்த பிறகே தண்ணீர் இறைக்க வேண்டும்

 

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், ஹட்டன் டவுனுக்கு அருகில் வசிக்கும் ஒரு தாய் தன் மகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏ.எல். படிக்கும் அந்தப் பிள்ளை வீட்டுக் கம்பியூட்டரில் பாடக்குறிப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஆபாச விளம்பரம் ஒன்று திரையில் வந்து நின்றிருக்கிறது. பின்னால் நின்ற வாப்பா அதைக் கண்டுவிட்டார். விசாரணை எதுவும் இல்லை. இணைப்பைத் துண்டித்தார். டியூஷனையும் நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார். "நான் ஒண்டும் செய்யல்ல ஹஸ்ரத்" என்பதற்கு மேல் அந்தப் பிள்ளையால் பேச முடியவில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கம்பியூட்டர் திருத்தும் தொழில் செய்கிறார். அவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். இணைப்பை மீண்டும் கொடுத்து, வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் இணையத்தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. அதே வைஃபையில் தன் கைத்தொலைபேசியில் பார்த்தார், எல்லாம் திறந்தன. "கோளாறு லைனில் இல்லை, ஹஸ்ரத். இந்தக் கம்பியூட்டருக்குள் கள்ளன் இருக்கிறான்" என்றார்.

கள்ளன் ஏன் அந்தத் தளங்களைப் பூட்ட வேண்டும்? மருந்து வரும் வழியை அடைத்தால்தானே நோய் நிலைக்கும்! பூட்டும் விதத்தை நம் மலையகத்து வழக்கத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பல தோட்டங்களில் லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாததால், கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. இடையில் ஒருவர் பிழை செய்தால் கடிதம் உரியவரிடம் போகாது. இணையத்திலும் அப்படித்தான். நாம் தளத்தின் பெயரை எழுதுகிறோம். கம்பியூட்டர் அதற்குரிய இலக்க முகவரியைத் தேடுகிறது. வெளியே கேட்பதற்கு முன் தன்னிடமுள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறு பதிவேட்டைப் பார்க்கும். வைரஸ் அதில் மருந்துத் தளத்தின் பெயருக்கு நேரே 127.0.0.1 என்று எழுதிவிடும். அது அந்தக் கம்பியூட்டரின் சொந்த முகவரி! தன் வாசலையே தட்டிவிட்டு, "ஆளில்லை" என்று அது திரும்பிவிடும்.

இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 2008 நவம்பரில் வெளிப்பட்ட 'கான்ஃபிக்கர்' உலகெங்கும் இலட்சக்கணக்கான கம்பியூட்டர்களைப் பிடித்தது. அது பதிவேட்டைத் தொடாமலே, முகவரி கேட்கும் இடத்தில் குறுக்கே நின்று மருந்துத் தளங்களை மறைத்தது. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற மற்றொன்று, முகவரி சொல்லும் ஆளையே மாற்றிவிட்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2011 நவம்பரில் அந்தக் கூட்டத்தை அம்பலப்படுத்தியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கம்பியூட்டர்கள் அதில் சிக்கியிருந்தன.

சரி, பரிகாரம் என்ன? கிணற்றில் பூனை விழுந்து செத்துவிட்டால் எத்தனை வாளி இறைத்தாலும் பயனில்லை. முதலில் பூனையை எடுக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இங்கும் அதே ஒழுங்குதான். பதிவேட்டை மட்டும் திருத்தினால், உள்ளே இருக்கும் வைரஸ் மறுபடியும் எழுதிவிடும்.

முதலாவது, அந்தக் கம்பியூட்டரில் வங்கிக் கணக்கையோ ஈமெயிலையோ திறக்காதீர்கள். இரண்டாவது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ள 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையை ஓடவிடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே அது தேடுவதால் வைரஸுக்கு ஒளிந்துகொள்வது கடினம். அது முடியாவிட்டால், சுத்தமான வேறு கம்பியூட்டரில் மருந்தை இறக்கி, பென் டிரைவில் கொண்டு வரலாம். அந்தப் பென் டிரைவைச் சோதிக்காமல் வேறெங்கும் செருக வேண்டாம். மூன்றாவது, வைரஸ் போன பிறகு ஹோஸ்ட்ஸ் பதிவேட்டில் அது எழுதிய வரிகளை அழியுங்கள். 'டிஎன்எஸ்' அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றி, நீங்கள் வைக்காத 'ப்ராக்ஸி' இருந்தால் அணைத்துவிட்டு, கம்பியூட்டரை மறுபடி இயக்குங்கள். நான்காவது, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் அதே தளங்கள் திறக்கவில்லையென்றால், ரவுட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். எதற்கும் சரிவராவிட்டால், பாடங்களையும் படங்களையும் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

அன்று எல்லாம் முடிய இஷா ஆகிவிட்டது. "அண்மையில் புதிதாக ஏதும் போட்டீர்களா?" என்று மாணவர் கேட்டார். அறை வாசலில் நின்ற தம்பி அழத் தொடங்கினான். பத்து நாட்களுக்கு முன் கூட்டாளி ஒருவன் கொடுத்த, காசு கொடுக்காமல் உடைத்தெடுத்த விளையாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறான். அதைப் போடுவதற்காக வைரஸ் காவலையும் தன் கையாலேயே அணைத்திருக்கிறான். தாத்தா ஏச்சு வாங்கியபோது உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வாப்பா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளின் பக்கம் திரும்பி, "நான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் மகள்" என்றார். அந்தப் பிள்ளை அப்போதுதான் வாய்விட்டு அழுதது.

சகோதரிகளே! வந்த செய்தியை விசாரித்துத் தெளியுங்கள் என்றும், அதிகமான சந்தேகத்தை விட்டு விலகுங்கள் என்றும் ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நமக்குக் கற்றுத் தருகிறான். திரையில் தோன்றியதெல்லாம் அதைத் தொட்டவர் தேடியது அல்ல. ஒரு பெண்பிள்ளையின் மானத்தையும் படிப்பையும் தீர்மானிக்கும் முன், வேறொரு கருவியில் திறந்து பார்க்கும் ஐந்து நிமிடப் பொறுமை நமக்கு வேண்டாமா?

அந்தத் தம்பி முதல் நாளே சொல்லியிருந்தால், அன்றைக்கே திருத்தியிருக்கலாம். அவனைத் தடுத்தது பயம். தவறு செய்த பிள்ளை, "உம்மா, பிழை செய்துவிட்டேன்" என்று ஓடிவந்து சொல்லக்கூடிய இடமாக உங்கள் மடி இருக்கட்டும். கண்டிக்க வேண்டியதைப் பிறகு கண்டிக்கலாம். அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது கூடாது என்பதையும் அப்போதே பக்குவமாகச் சொல்லிக் கொடுங்கள்.

நம் வீடுகளை வீண் சந்தேகத்திலிருந்தும், நம் பிள்ளைகளைத் தீங்குகளிலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.