குமாஸ்தாவுக்கு எதற்கு ஓட்டு?

2025 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிம் டேவிஸின் மனுவை ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் தள்ளுபடி செய்தது. அன்றைக்கு என் டைம்லைன் முழுக்கப் பழைய மீம்கள் திரும்பி வந்தன. அவருடைய முடி, நீளப் பாவாடை, எத்தனை கல்யாணம் என்கிற கணக்கு. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் மற்ற நாளெல்லாம் பெண்ணுரிமை பேசுகிறவர்கள். இன்னொரு பக்கம், மனசாட்சிக்காக ஜெயிலுக்குப் போன தாய் என்று உருகுகிற கூட்டம். எனக்கு இரு தரப்பு மேலும் கோபம். எல்லோரும் அந்த அம்மாவையே பார்க்கிறார்கள். அவர் உட்கார்ந்திருந்த மேஜையை யாரும் பார்ப்பதில்லை.

மேஜை இருந்தது கென்டக்கி மாநிலத்து ரோவன் கவுண்டியில். மோர்ஹெட் என்கிற சிறு நகரம், அதில் ஒரு பல்கலைக்கழகம், கவுண்டி முழுக்க இருபத்தைந்தாயிரம் பேர்கூடக் கிடையாது. கவுண்டி கிளார்க் என்பது பதவியின் பெயர். 1970கள் வரை கவுண்டி கோர்ட் கிளார்க் என்றுதான் சொன்னார்கள். கார் பதிவு, நிலப் பத்திரம், வாக்காளர் பட்டியல், கல்யாண உரிமம் எல்லாம் அங்கேதான். நம்மூர் சார்பதிவாளர் வேலையும் ஆர்டிஓ ஆபீஸ் வேலையும் ஒரே கவுன்டரில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஆளை யாரும் நியமிப்பதில்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வருவார். ஜெயித்ததும், நான் யாரோடும் ஆயுதம் ஏந்தி ஒற்றைக்கு ஒற்றை சண்டை போட்டதில்லை என்று சத்தியம் வேறு செய்வார். நிஜமாகவே. அந்த மாநிலத்துப் பதவிப் பிரமாணத்தில் இன்றும் அந்த வரி இருக்கிறது.

கிம் டேவிஸின் அம்மா ஜீன் பெய்லி 37 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். மகள் அம்மாவுக்குக் கீழே சுமார் கால் நூற்றாண்டு துணை கிளார்க். அத்தனை வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்று ஊராருக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்த உழைப்பை நான் கேலி செய்ய மாட்டேன். 2014இல் டெமாக்ரடிக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் 23 ஓட்டில் தப்பி, 2015 ஜனவரியில் அம்மாவின் நாற்காலிக்கு வந்தார். அதே அலுவலகத்தில் அவர் மகனும் துணை கிளார்க். பாட்டி, மகள், பேரன்.

இதில் ஒரு வேடிக்கை. 1850க்கு முன் கென்டக்கியில் இந்தப் பதவிகளை உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் தங்களுக்குள்ளேயே பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டை உடைக்கத்தான் 1850 அரசியல் சாசனம் எல்லாவற்றையும் தேர்தலுக்கு விட்டது. நல்ல எண்ணம்தான். கடைசியில் வந்து நின்ற இடத்தைப் பாருங்கள்.

2015 ஜூன் 26 அன்று ஒருபால் திருமணம் நாடெங்கும் சட்டமானது. டேவிஸ் சாமர்த்தியமாக ஒன்று செய்தார். யாருக்குமே உரிமம் கிடையாது என்று மொத்தமாக நிறுத்திவிட்டார். பாரபட்சமே இல்லையாம்! பக்கத்து கவுண்டிக்குப் போய் வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள் ஆதரவாளர்கள். வரி மட்டும் ரோவனில் கட்டணும், உரிமத்துக்கு வேறு ஊர் போகணுமா? யாருடைய அதிகாரத்தில் மறுக்கிறீர்கள் என்று கேமரா முன்னால் கேட்டபோது, கடவுளின் அதிகாரத்தில் என்று பதில் சொன்னார். அவர் பக்தியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்தது கவுண்டியின் அதிகாரம். அதைக் கையால் தொட முடியாது என்றால் ராஜினாமா செய்யலாம். கிளார்க்குகளிடம் அப்போதைய கவர்னரும் இதையேதான் சொன்னார்.

அவர் ஏன் போகவில்லை? ஏன் போகணும்? மேலே யாரும் இல்லையே. நியமிக்கப்பட்ட குமாஸ்தா இதைச் செய்திருந்தால் ஒரு மெமோ, பிறகு கார் பதிவு கவுன்டருக்கு மாற்றல், கதை முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் கவர்னரால் நீக்க முடியாது, நீதிபதியாலும் முடியாது. சட்டமன்றம் கூடிப் பதவிநீக்கத் தீர்மானம் போட்டால்தான் உண்டு. நீதிபதி டேவிட் பன்னிங் கையில் இருந்தது அபராதம் அல்லது ஜெயில். அபராதத்தை ஆதரவாளர்கள் கட்டிவிடுவார்கள் என்று கருதி, செப்டம்பர் 3 அன்று ஜெயிலுக்கு அனுப்பினார். மறுநாளே துணை கிளார்க்குகள் உரிமம் கொடுத்தார்கள். ஆறு பேரில் மகன் ஒருவர் மட்டும் மறுத்தார். ஐந்து நாள் கழித்து டேவிஸ் வெளியே வந்தபோது மேடை, கூட்டம், பக்கத்தில் ஜனாதிபதி வேட்பாளர் மைக் ஹக்கபி. ஒரு மெமோவில் முடிய வேண்டிய விவகாரம் தியாகியை உருவாக்கிவிட்டது.

"அதே ஓட்டுதானே 2018இல் அவரை வீட்டுக்கு அனுப்பியது?" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மை. 2014இல் 23 ஓட்டில் தோற்றவரே அந்தத் தேர்தலில் அவரை ஜெயித்தார். ஆனால் மூன்று வருடம் ஆச்சே. இன்னொன்றும் கேட்கிறேன்: டேவிஸ் ஜெயித்திருந்தால்? ஊரில் பாதிக்கு மேல் அவர் பக்கம் என்றால் அந்த ஜோடிகளுக்கு உரிமம் இல்லாமல் போய்விடுமா? மேயர் என்ன செய்யணும் என்று ஊர் ஓட்டுப் போடலாம், பட்ஜெட்டுக்குப் போடலாம். உன் கல்யாணக் காகிதத்தில் முத்திரை குத்தலாமா என்பதற்கு ஏன் ஊர் ஓட்டுப் போடணும்? அந்த மேஜையில் முடிவெடுக்க எதுவுமே இல்லை. வயசு, அடையாள அட்டை, கட்டணம் சரியா என்று பார்க்கணும், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு ஒருவரை ஜெயிக்கவைத்து உட்காரவைத்தால், தன்னிடம் ஏதோ முடிவு இருக்கிறது என்றுதான் அவர் நினைப்பார்.

2015 டிசம்பரில் புது கவர்னர் மேட் பெவின், உரிமப் படிவத்தில் கிளார்க்கின் பெயர் வேண்டாம் என்று உத்தரவு போட்டார். 2016இல் அது சட்டமானது. படிவத்தில் ஒரு பெயரை எடுத்ததோடு சரி.

பில் மட்டும் மிச்சம். ஜோடிகளின் முதல் வழக்குச் செலவு 2.2 லட்சம் டாலருக்கு மேல், அது மாநில அரசின் தலையில் விழுந்தது. இன்னொரு வழக்கில் ஒரு ஜோடிக்கு 1 லட்சம் டாலர் இழப்பீடு, அவர்களுடைய வக்கீல் கட்டணம் 2.6 லட்சம், இவை டேவிஸ் தலையில். முதல் தொகை கென்டக்கி மக்களின் வரிப்பணம். அந்தக் கவுன்டரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கட்டிய வரியும் அதில் சேர்த்தி.

2026இல் அந்த மேஜைக்கு மறுபடியும் தேர்தல்.