கடலில் கொட்டிய பொக்கிஷம்

அமெரிக்கப் பையன்களுக்குப் பேஸ்பால் என்றால் உயிர். ஒரு காலத்தில் சூயிங்கம் வாங்கினால் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை கூடவே வந்தது. அதை ஷூ பெட்டியில் சேர்ப்பார்கள். சைக்கிள் சக்கரத்தில் செருகிப் படபடவென்று ஓட்டுவார்கள். பையன் வளர்ந்து வெளியூர் போனதும், அம்மா அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவாள்!

அம்மாவை மட்டும் சொல்வானேன்? 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட அட்டைகளில் கடைசித் தொகுதி, ஆட்டப் பருவம் முடிகிற சமயத்தில் கடைக்கு வந்து விலை போகாமல் தேங்கிற்று. கிடங்கில் இடத்தை அடைக்கிறதே என்று, 1960-ல் ஸை பெர்கர் என்ற கம்பெனி அதிகாரி அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். வேடிக்கையைக் கேளுங்கள்: அதே தொகுதியைச் சேர்ந்த மிக்கி மாண்டில் அட்டை ஒன்று, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

பணம் வந்தால் பித்தலாட்டமும் வராதா? ஆட்டக்காரர்களின் கையெழுத்துக்கும் நல்ல கிராக்கி. 1990-களில் எஃப்.பி.ஐ. போலிக் கையெழுத்துக் கும்பலை வளைத்தபோது, அன்னை தெரஸா 'கையெழுத்திட்ட' பேஸ்பால் பந்துகூட அகப்பட்டதாம்! அன்னை எந்த மைதானத்தில் ஆடினாரோ!

மைதான வாசலில் கால் கடுக்க நின்று, கண்ணெதிரே வாங்கிய கையெழுத்தில் இந்தச் சந்தேகமே கிடையாது. விலை என்ன போகும் என்று அந்தப் பையன் கேட்பதுமில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். குப்பைக்குப் போகுமுன் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அம்மா!