விம்பூசா: நோயாளி ஆடுற வைத்தியம்

இசை நோய் தீர்க்கும் எண்டு யாராவது சொன்னா, எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது ஹெட்போனும் மெல்லிய புல்லாங்குழலும்தான். நோயாளி கண்ணை மூடிப் படுத்திருப்பார், இசை காதுக்குள்ள போகும். ஆனால் வட மலாவியில் தும்புகா மக்களிடம் இருக்கிற விம்பூசாவில நோயாளியைப் படுக்க விடமாட்டினம்.

விம்பூசா எண்டது ஆவிகளின் பெயர். அவை தருவதாக அந்த மக்கள் நம்பும் நோய்க்கும் அதே பெயர், அதைத் தணிக்கிற மேளத்துக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். வாற நோயாளிகளில் பெரும்பாலானோர் ஏதோவொரு மனநோயால் அவதிப்படும் பெண்கள். வைத்தியர் நடத்துற 'தெம்பிரி' எண்ட வீட்டில கிழமைக்கணக்கில, சிலவேளை மாதக்கணக்கில தங்குவினம். சடங்கு நேரம் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் சுத்தி நிண்டு பாடுவினம். மேளம் ஆண்களின் கையில். ஒவ்வொரு ஆவிக்கும் தனித் தாளம். நடுவில நோயாளி மெல்ல மெல்லத் தன்னிலை மறந்து, தன் நோயைத் தானே ஆடித் தீர்ப்பாள். வைத்தியர்களே ஒருகாலம் இதே நோயில் விழுந்து எழும்பினவர்கள்தான்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒடுக்குமுறை தந்த காயங்களைத் தாங்கிக்கொள்ள உருவான வழி இது. மிஷனரிமார் தடை செய்தும் பிரித்தானியர் காலத்தில் இன்னும் வளர்ந்தது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

எனக்கு நெருடல் இங்கதான். விம்பூசாவை இப்ப மேடைகளிலும் ஆடுகினம். மேளம் இருக்கு, உடுப்பும் இருக்கு, நோயாளியைத்தான் காணேல்ல. சுத்தி நிண்டு பாடின ஊர், கதிரையில இருந்து கைதட்டுது. மூடநம்பிக்கை எண்டு தடை செய்தவர்களுக்கும் 'அழகான மரபு நடனம்' எண்டு புகழ்கிறவர்களுக்கும், உள்ள இருக்கிற வைத்தியம் ஒரே மாதிரித்தான் கண்ணில படேல்ல போல.

ஆவி இருக்கோ இல்லையோ எண்ட விவாதத்துக்கு நான் வரேல்ல. மாத்திரை வேண்டாம் எண்டும் சொல்லேல்ல, கடுமையான மனநோய்க்கு மருந்து கட்டாயம் வேணும். ஆனால் மனம் குழம்பின ஒரு பெண்ணை ஒளிச்சு வைக்காமல், நடுவில நிப்பாட்டி, ஊரே அவளுக்காகத் தொண்டை வத்தப் பாடுறதுக்கு எந்த மருந்துச் சிட்டையிலயும் இடமில்லை.