'அப்டேட்' என்று எழுதினால் போதுமா?

கணினித் துறை மாணவர்கள் குழுவாக ஒரு மென்பொருளை உருவாக்கும்போது பெரும்பாலும் 'கிட்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். நிரலில் செய்த மாற்றத்தை அதில் பதிவதற்குக் 'கமிட்' என்று பெயர். ஒவ்வொரு கமிட்டுடனும் சிறு குறிப்பு ஒன்று எழுத வேண்டும். அங்கே நம்மில் பலர் எழுதுவது 'அப்டேட்', 'ஃபிக்ஸ்', 'ஃபைனல்'. மறுநாள் 'ஃபைனல் 2'. படிக்கும் காலத்திலேயே இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

"நிரலைப் பார்த்தாலே தெரியுமே, குறிப்பு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எந்த வரி நீங்கியது, எந்த வரி சேர்ந்தது என்பதைக் கிட் காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பதை அது அறியாது.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் இணையப் பதிவுப் படிவம், பெயரில் எழுத்துகளை மட்டுமே ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலரின் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சாய்கோடு இருக்கிறது. அட்டையில் உள்ளபடி தட்டச்சு செய்தால் படிவம் ஏற்காது. குழுவில் ஒருவர் அதைச் சரிசெய்து, குறிப்பில் 'ஃபிக்ஸ்' என்று மட்டும் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்துப் புதிதாக வந்த ஒருவர், பெயரில் சாய்கோடு எதற்கு என்று எண்ணி அந்த வரியை நீக்கிவிடுகிறார். மறுபடியும் நம் பெயர்கள் நிராகரிக்கப்படும். "பெயரில் சாய்கோட்டை அனுமதி: ஏ/எல், ஏ/பி உள்ளவர்களால் பதிவு செய்ய முடியவில்லை" என்று எழுதியிருந்தால் அவர் நீக்கத் துணிவாரா?

கிட்டை 2005-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியதே, உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் சேர்ந்து எழுதும் லினக்ஸ் கெர்னலுக்காகத்தான். அங்கே ஒரு மாற்றத்தை அனுப்புபவர், முதலில் சிக்கல் என்ன, அதைத் தீர்ப்பது ஏன் அவசியம் என்று விளக்க வேண்டும். நேரில் சந்திக்காதவர்கள் சேர்ந்து வேலை செய்ய அந்தக் குறிப்புகளே துணை.

இப்போது குறிப்பையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. ஆனால், நிரலை மட்டும் கொடுத்தால் அது மாற்றத்தைத்தான் விவரிக்கும். யார் புகார் செய்தார், எந்த வழியை முயன்று கைவிட்டோம் என்பதெல்லாம் நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் பிழை வருமோ என்ற தயக்கத்தில் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. இங்கே அலங்கார நடை தேவையில்லை. குழுவினர் அனைவருக்கும் புரியும் மொழியில், அது மலாயாக இருந்தாலும், எளிய வாக்கியம் ஒன்று போதும். முதல் வரி ஏறக்குறைய 50 எழுத்துகளுக்குள் இருக்கட்டும். ஒரு வரி விட்டு, காரணத்தை எழுதுங்கள். ஒரு கமிட்டில் ஒரு மாற்றம் மட்டும் இருந்தால் குறிப்பு எழுதுவதும் சுலபம்.

படிவம் ஒன்றில் நிரல் எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகளும் இதை இப்போதே பழகலாம். குழுத் திட்டம் முடிந்ததும் நாம் பிரிந்துவிடுவோம். நம் நிரலை அடுத்துத் தொடுபவர் நம்மிடம் கேட்க முடியாத கேள்விக்கு அந்த இரண்டு வரிதான் பதில்.