இரண்டு மோதினால் நான்கா?

சென்ற மாதம் அணுவின் உட்கருவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த ஒரு தாயார், தம் மகன் எழுப்பிய ஐயத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியிருக்கிறார். "புரோட்டான்களை மோதவிட்டுப் புதிய துகள்களை உண்டாக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மண்பானைகள் மோதினால் ஓடுதானே மிஞ்சும், மூன்றாவது பானை எங்கிருந்து வரும் என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

பையன் கேட்டிருப்பது சரியான கேள்வி. "மோதி உடைத்தல்" என்று நாம் கவனமின்றி எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஆகவே இம்மாதப் பக்கத்தை அவனுக்கே ஒதுக்கிவிடலாம்.

பானைகள் மோதும்போது, மோதிய விசை ஓசையாகவும் சூடாகவும் ஓட்டுச் சில்லாகவும் செலவாகிறது. அந்த விசை பானையின் நிறையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் ஒரு புரோட்டானின் கதை வேறு. நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டினார் அல்லவா? அவ்வளவு வேகத்தில் செல்லும் புரோட்டானின் ஓட்ட ஆற்றல், அதன் நிறைக்கு ஈடான ஆற்றலையே பன்மடங்கு விஞ்சிவிடும். மோதலின்போது அந்த ஓட்ட ஆற்றலில் ஒரு பங்கு புதிய நிறையாக உறைகிறது. அவ்வாறு வெளிவரும் துகள்கள் உடைந்த சில்லுகள் அல்ல. மோதலுக்கு முன் அவை எங்கும் இருந்தவை அல்ல.

இந்தப் பிறப்புக்கும் ஒழுங்கு உண்டு. ஒரு புரோட்டான் புதிதாகத் தோன்ற வேண்டுமானால், அதே நிறையும் நேர்மாறான மின்னேற்றமும் கொண்ட ஓர் எதிர்ப் புரோட்டானும் உடன் தோன்றியாக வேண்டும். ஆகவே இரண்டு புரோட்டான்கள் மோதினால், பழையவை இரண்டு, புதியது ஒன்று, எதிர்ப் புரோட்டான் ஒன்று என நான்கு எழுந்து செல்லக்கூடும். பையன் மூன்றாவது பானையைக் கேட்டான். இயற்கை நான்காவதையும் சேர்த்தே தருகிறது.

இத்தகைய எதிர்த் துகள்கள் இருக்க வேண்டும் என்று ஆங்கிலேய இயற்பியலறிஞர் பால் டிராக் 1931-இல் எழுதினார். மறு ஆண்டே கார்ல் ஆண்டர்சன் விண்கதிர்களில் எலெக்ட்ரானின் எதிர்த் துகளைக் கண்டார். ஆனால் எதிர்ப் புரோட்டான் மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐயமறப் பிடிபடவேயில்லை. காரணம், அதன் விலை அதிகம். ஒரு புரோட்டானின் நிறைக்கு ஈடான ஆற்றல் சுமார் 94 கோடி எலெக்ட்ரான் வோல்ட். புதிதாக இரண்டு பிறக்க 188 கோடி போதும் என்று தோன்றும், போதாது. நின்றுகொண்டிருக்கும் ஒன்றின் மீது ஓடிவரும் ஒன்று மோதினால், வந்த வேகத்தின் போக்கு அழிவதில்லை. நான்கும் சேர்ந்து அதே திசையில் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்துக்கே ஆற்றலின் பெரும்பகுதி போய்விடுகிறது. கணக்கிட்டால் நிறையைப் போல் ஆறு மடங்கு, அதாவது சுமார் 563 கோடி எலெக்ட்ரான் வோல்ட் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் குன்றின்மேல் 1954-இல் இயங்கத் தொடங்கிய பெவட்ரான் என்னும் பொறி, புரோட்டான்களுக்கு 620 கோடி வரை ஊட்ட வல்லதாக இருந்தது. அந்த 620 எந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக் குறிக்கப்பட்டது என்பதை இனி நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனித்தான் உண்மையான இடர்ப்பாடு. உண்டாக்குவதைக் காட்டிலும் அடையாளம் காண்பது அரிதாயிற்று.

செம்புத் துண்டின்மீது புரோட்டான் கற்றையை மோதவிட்டபோது எண்ணற்ற மேசான்கள் பிறந்தன. எதிர்ப் புரோட்டானைப் போலவே எதிர்மின்னேற்றம் கொண்டவையும் அவற்றில் ஏராளம். பின்னால் எண்ணிப் பார்த்ததில், கருவி வழியே வந்த மேசான்கள் நாற்பதாயிரத்துக்கு எதிர்ப் புரோட்டான் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. முறத்தில் அரிசி புடைக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ அத்தனை மணிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு மணி வேறு. நிறத்தில் வேறுபாடில்லை, வடிவில் வேறுபாடில்லை, எடையில் மட்டும் வேறு. அதையும், அரிசி முறத்தில் நில்லாமல் கண்ணிமைக்கு முன் பறந்துகொண்டிருக்கையிலேயே பொறுக்கியெடுக்க வேண்டும்.

எமிலியோ சேக்ரே, ஓவன் சேம்பர்லேன், கிளைட் வீகண்ட், தாமஸ் இப்சிலாண்டிஸ் ஆகிய நால்வர் 1955-இல் இப்பணியை மேற்கொண்டனர். முதலில் காந்தங்களால் துகள்களின் பாதையை வளைத்து, குறித்த ஓர் உந்தம் கொண்ட எதிர்மின்னேற்றத் துகள்களை மட்டுமே உள்ளே விட்டனர். உந்தம் ஒன்றேயானால், கனத்தது மெல்லச் செல்லும். இலேசானது விரைந்து செல்லும். ஆகவே வேகத்தை அளந்தால் நிறை தெரிந்துவிடும். துகள் பட்டால் மினுக்கென்று ஒளிவிடும் கருவிகள் இரண்டை 40 அடி இடைவெளியில் வைத்தார்கள். ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால் கிடைப்பது நானோ வினாடி. அந்த 40 அடியை மேசான் 40 நானோ வினாடியில் கடந்தது. எதிர்ப் புரோட்டான் 51 நானோ வினாடி எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள வேறுபாடு பதினொன்று.

இத்துடன் முடித்திருந்தால் அவர்கள் ஏமாந்திருப்பார்கள். மேசான்கள் அவ்வளவு நெருக்கமாக வருகின்றன அன்றோ? ஒரு மேசான் முதற்கருவியைத் தொட்டபின், வேறொரு மேசான் பதினொரு நானோ வினாடி பிந்தி வந்து இரண்டாம் கருவியைத் தொட்டால், கடிகாரம் 51 என்றே காட்டும். ஆளில்லாத இடத்தில் ஆள் நிற்பதாக இரண்டு சாட்சிகள் சேர்ந்து சொல்லிவிடுவார்கள்! இதைத் தடுக்க, செரென்கோவ் என்னும் ரஷ்ய அறிஞர் ஆராய்ந்த நீலவொளியைப் பயன்படுத்தினார்கள். ஒளி ஊடுருவும் பொருளுக்குள், அங்கே ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சித் துகள் சென்றால் அந்த ஒளி தோன்றும். விரைந்த மேசானுக்கு மட்டும் ஒளிரும் கருவி ஒன்று. எதிர்ப் புரோட்டானுக்குரிய குறுகிய வேக எல்லைக்குள் மட்டும் பதில் தரும் கருவி மற்றொன்று. முன்னது "ஆம்" என்றால் அந்தத் துகளைத் தள்ளிவிட்டார்கள். பின்னது "ஆம்" என்றால் மட்டுமே ஏற்றார்கள்.

1955 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. முதல் அறிக்கையில் அவர்கள் உரிமை கொண்டாடியது 60 எதிர்ப் புரோட்டான்களை மட்டுமே. கருவியைச் சற்றுக் குறைந்த நிறைக்கோ சற்றுக் கூடிய நிறைக்கோ திருப்பிவைத்தால் எண்ணிக்கை மறைந்துபோனது. பின்பு ஒளிப்படக் குழம்பு பூசிய தகடுகளிலும் சான்று கிடைத்தது. எதிர்ப் புரோட்டான் ஓர் அணுக்கருவைத் தொட்டு அழிந்த இடத்தில், அதன் சொந்த நிறைக்கு ஈடான ஆற்றலைவிட மிகுதியான ஆற்றல் விண்மீன் வடிவில் சிதறிக் கிடந்தது. தன்னோடு கூட எதிரில் நின்றதையும் அழித்தால் ஒழிய அவ்வளவு ஆற்றல் வர வழியில்லை.

1959-இல் நோபல் பரிசு சேக்ரேக்கும் சேம்பர்லேனுக்கும் கிடைத்தது. மற்ற இருவருக்கும் இல்லை. இச்சோதனையின் அமைப்பில் தம் யோசனையும் அடங்கியிருந்தது என்று ஓரெஸ்தே பிச்சியோனி என்னும் அறிஞர் 1972-இல் வழக்கே தொடுத்தார். காலம் கடந்துவிட்டதென்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவரும் தோழர்களும் 1956-இல் எதிர் நியூட்ரானைக் கண்டவர்கள் என்பதை நினைக்கையில், அவர் வருத்தம் வெறும் பொறாமையன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. நாற்பதாயிரத்தில் ஒன்றைப் பிழையின்றி இனம் கண்டவர்களுக்கும், யாருடைய எண்ணம் எங்கே தொடங்கிற்று என்பதைப் பிரித்துச் சொல்வது எளிதாக இல்லை.

இப்பொழுது ஐம்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி ஜெனீவாவுக்கு வருவோம். அங்கே நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றுள்ள வளையத்தில் இரு புரோட்டான் கற்றைகள் எதிரெதிரே வந்து மோதுகின்றன. எதிரெதிர் மோதலில் முன்னோக்கி ஓடும் செலவு இல்லை. ஆற்றல் முழுதும் பிறப்புக்குக் கிட்டும். 2010-இல் ஆலிஸ் என்னும் ஆய்வுக் குழு, மோதலின் பக்கவாட்டில் வெளிப்படும் புரோட்டான்களையும் எதிர்ப் புரோட்டான்களையும் எண்ணி ஒப்பிட்டது. 90,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட் மோதலில் நூறு புரோட்டானுக்கு எதிர்ப் புரோட்டான் ஏறத்தாழ 96. 7 இலட்சம் கோடியில் 99. மோதவந்த பழைய புரோட்டான்களின் பங்கு முன்னோக்கியே போய்விடுகிறது; நடுவில் எஞ்சுவது இணை இணையாகப் பிறந்த புதியவை மட்டுமே. கேட்பதற்கு எளிதாயினும், இந்த எண்ணைப் பெற அவர்கள் பட்ட பாடு பெர்க்லிக்காரர்கள் பட்ட பாட்டுக்குக் குறைந்ததன்று. வெளிவரும் எதிர்ப் புரோட்டான்களில் சில, கருவியின் சுவரிலேயே பட்டு அழிந்துபோகும். அதே சுவரிலிருந்து, பிறவாத புரோட்டான்கள் சில உதைபட்டு வெளிவந்து கணக்கில் நுழையும். இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டுத் திருத்திய பின்னரே அந்த 96-ம் 99-ம்.

"இவற்றையெல்லாம் காகிதத்திலேயே கணித்துவிட முடியாதா?" என்று பையன் அடுத்துக் கேட்கக்கூடும். முடியவில்லை என்பதே உண்மை. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் சட்டம் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு சாதாரண மோதலில் எத்தனை துகள் பிறக்கும் என்பதை அச்சட்டத்திலிருந்து நேரே கணித்தெடுக்க இன்னும் வழியில்லை. அளவுகளைப் பார்த்துப் பார்த்துச் சரிக்கட்டிய கணிப்பு முறைகளே உள்ளன. அதே ஆலிஸ் குழு, 90,000 கோடியிலிருந்து 7 இலட்சம் கோடிக்கு ஆற்றல் உயர்ந்தபோது மின்னேற்றத் துகள்களின் எண்ணிக்கை சுமார் 58 விழுக்காடு கூடியதைக் கண்டது. அக்கணிப்பு முறைகள் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்த்திருந்தன. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணிப் பார்க்காமல் போனால் என்ன குடிமுழுகிவிடும்? ஒன்று சொல்கிறேன். 2011 மே மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஏ.எம்.எஸ். என்னும் கருவியைப் பொருத்தினார்கள். விண்ணிலிருந்து வரும் துகள்களை இனம் பிரிக்கும் அக்கருவி முதல் நான்கு ஆண்டுகளில் எண்ணிய எதிர்ப் புரோட்டான்கள் சுமார் 3,49,000. பெர்க்லியின் அறுபதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! இவை எங்கிருந்து வருகின்றன? அண்டத்தில் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் இருண்ட பொருளின் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் எதிர்ப் புரோட்டான்கள் பிறக்கலாம். அப்படியானால் அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் சாதாரண விண்கதிர்கள், விண்மீன்களுக்கிடையே பரவிய ஹைட்ரஜனிலும் ஹீலியத்திலும் மோதினாலும் அவை பிறக்கும். சாதாரணமாக எத்தனை பிறக்கும் என்று தெரிந்தால்தான் "இது மிகுதி" என்று சொல்ல முடியும். புரோட்டான் ஹீலியத்தில் இவ்வளவு விரைவாக மோதும்போது எத்தனை எதிர்ப் புரோட்டான் பிறக்கும் என்பதையோ, அதுவரை ஒருவரும் நேராக அளந்ததே இல்லை.

ஜெனீவாவின் மற்றொரு குழுவான எல்.எச்.சி.பி. இக்குறையைத் தீர்த்தது. கற்றையின் அளவை அறிவதற்காகக் குழாய்க்குள் மிகச் சிறிது வாயுவைச் செலுத்தும் ஏற்பாடு ஒன்று அவர்களிடம் இருந்தது. அதில் ஹீலியத்தைச் செலுத்தி, 6.5 இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை அதன் வழியே ஓடவிட்டார்கள். விண்வெளியில் நிகழ்வதே குழாய்க்குள் நிகழ்ந்தது. ஆனால் வழியில் எத்தனை ஹீலியம் அணுக்கள் நின்றன? அது துல்லியமாகத் தெரியாதபோது பிறந்தவற்றின் எண்ணிக்கையால் பயன் என்ன? வாயு அவ்வளவு மெலிது. அதன் அழுத்தத்தைக் கொண்டு துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே புரோட்டான் பட்டுத் தனியே சிதறிய எலெக்ட்ரான்களை எண்ணினார்கள். அந்நிகழ்ச்சியை மட்டும் காகிதத்தில் பிசகாமல் கணிக்க முடியும். அதிலிருந்து வாயுவின் அளவு சுமார் ஆறு விழுக்காட்டுப் பிழைக்குள் கிடைத்தது. அளவுகோலையே முதலில் அளந்தார்கள் எனலாம்.

முடிவு 2018-இல் அச்சாயிற்று. பரவலாக வழங்கிய சில கணிப்பு முறைகள் சொன்னதைவிட மிகுதியான எதிர்ப் புரோட்டான்கள் சாதாரண மோதலிலேயே பிறக்கின்றன. சாதாரணம் இவ்வளவு கூடினால், விண்ணில் "மிகுதி" என்று தோன்றியதற்கு இடம் அவ்வளவு குறையும் அல்லவா? இருண்ட பொருளின் சுவடு என்று அந்த எதிர்ப் புரோட்டான்களைக் காட்டி உறுதி கூற இதுவரை ஒருவராலும் இயலவில்லை.

அஞ்சலட்டையின் ஓரத்தில் பையன் தன் கையாலேயே பொடி எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறான்: "தொட்டால் அழிந்துபோகும் என்றால் எதிர்ப் புரோட்டானை எந்தப் பாத்திரத்தில் வைப்பார்கள்?" சுவரில்லாத பாத்திரத்தில், தம்பி. காந்தப் புலமும் மின்புலமும் சேர்ந்து நடுவில் ஏந்திப் பிடிக்க, ஜெனீவாவில் பேஸ் என்னும் குழுவினர் 405 நாட்கள் எதிர்ப் புரோட்டான்களை அழியாமல் வைத்திருந்தார்கள். அது எப்படி என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.